சமையலறையில் ஆண்டவர்

கேள்வி: தினமும் வேதம் வாசித்து ஜெபிக்கிறேன். ஆனாலும் ஆண்டவர் தூரத்தில் இருப்பதுபோலவே இருக்கிறது. வீட்டு வேலையே நேரத்தையெல்லாம் தின்றுவிடுகிறது. சொத்துத் தகராறில் அண்ணனோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. அந்த வருத்தம் வேறு.
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: சகோதரி, 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையலறையில் லாரன்ஸ் என்ற சகோதரர் இருந்தார். சமையல் அவருக்குப் பிடிக்காத வேலை. காலும் ஊனம். திராட்சரசம் வாங்க அனுப்பியபோது, படகில் நடக்க முடியாமல் பீப்பாய்கள்மேல் உருண்டே நகர்ந்தார். இது உம்முடைய வேலை என்று ஆண்டவரிடமே சொல்லிவிட்டுச் செய்தார். ஜெப நேரம், வேலை நேரம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. குழம்பு கொதிக்கும்போதே நீங்களும் ஆண்டவரோடு பேசலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் மனதைத் தைத்தது அண்ணன் விஷயம்தான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் போகச் சொல்கிறார் இயேசு (மத்தேயு 5ஆம் அதிகாரம்). சொத்தை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை வக்கீல் பார்க்கட்டும். பேச்சு வேறு, பத்திரம் வேறு. ஆண்டவர் புதிதாக ஏதாவது சொல்வார் என்று காத்திருக்கிறீர்கள். சொன்னது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. இன்று சாயங்காலம் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். எடுக்காவிட்டால் நாளைக்கும் போடுங்கள்.