போர்வை தைக்க எந்த மிஷின்?

நெல்லிக்குப்பம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உன் ஆயாவின் பழைய நூல் சேலைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைக்க உட்கார்ந்தாயாம். மிஷின் நூலை அறுக்கிறது, மேல்துணி கோணிக்கொண்டு போகிறது, வெறுத்துப்போய் மூடி வைத்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். வேறு மிஷின் வாங்கும் யோசனையாம். வாங்கு, நல்லதுதான். ஆனால் பழையது உன்னை ஏன் இப்படிப் படுத்துகிறது என்று தெரிந்துகொண்டு வாங்கு. இல்லாவிட்டால் கடையில் காட்டும் பூத்தையல்களைப் பார்த்து மயங்கி, இதே தொல்லையை இன்னும் அதிக விலைக்கு வீட்டுக்குக் கொண்டுவருவாய்.

ஊசித் தட்டின் அடியில் சின்னப் பல் வரிசை இருக்கிறதே, அதைக் கவனி. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பல் மேலே எழும், துணியைப் பின்னால் தள்ளும், கீழே இறங்கும், மறுபடி முன்னால் வரும். ஆலன் வில்சன் என்ற அமெரிக்கர் 1854-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. இன்றைக்கும் நம் வீட்டு மிஷின்கள் இப்படித்தான் துணியை நகர்த்துகின்றன. ஜாக்கெட்டுக்கும் பாவாடைக்கும் இது தாராளம். போர்வையில் மூன்று அடுக்கு. பல் பிடிப்பது அடித்துணியை மட்டும். மேலே இருக்கும் ஃபுட் நகராமல் அழுத்திக்கொண்டே நிற்கிறது. அடித்துணி போய்விடும், மேல்துணி பின்தங்கி ஃபுட்டுக்கு முன்னால் சுருங்கி நிற்கும். கோணல் உன் கையால் வந்ததில்லை, பாப்பா.

இதற்கு வாக்கிங் ஃபுட் என்று ஒன்று விற்கிறது. சாதாரண ஃபுட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். இதன் அடியிலும் பல் உண்டு. பக்கத்தில் நீட்டியிருக்கும் கொக்கி ஊசித் திருகின்மேல் உட்காரும். ஊசி ஏறி இறங்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்து துணியை நகர்த்தும். ஃபுட் மாட்டும் தண்டின் உயரம் எல்லா மிஷினுக்கும் ஒன்றல்ல. அதனால் கடையிலேயே மாட்டி, ஓட்டிப் பார்த்து வாங்கு.

நூல் சிக்கு வேறு விஷயம். துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் எல்லாரும் கீழ்நூல் சுற்றிய பாபினைக் குடைவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான் இருக்கும். ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்துப் பார். ஃபுட் இறங்கியிருந்தால் நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகி நிற்கும், நூல் அவற்றின் நடுவே போய் உட்காராது. அடுத்தது ஊசி. ஜாக்கெட் துணிக்குப் போட்ட 11-ம் நம்பர் ஊசி மூன்று அடுக்கில் வளையும், தையல் தாண்டும். 14 போடு, கனம் கூடினால் 16. பல்லுக்கு அடியில் சேர்ந்திருக்கும் பஞ்சுத் தூசியைப் பிரஷ்ஷால் எடுத்துவிடு. இத்தனையும் செய்த பிறகும் அடம்பிடித்தால்தான் மிஷினை மாற்ற வேண்டும்.

எந்த மிஷினுக்கு மாற்றுவது? உனக்கு வேண்டியது நேர்தையல் ஒன்றுதான். அதை அழுத்தமாகப் போடும் கனமான மிஷின் போதும். மேசையில் குதிக்கும் லேசான பிளாஸ்டிக் மிஷினில் எத்தனை டிசைன் இருந்தாலும் போர்வைக்கு உதவாது. என்னைக் கேட்டால் பழைய கறுப்பு இரும்பு மிஷின், உஷாவோ சிங்கரோ, கால்மிதி ஸ்டாண்டோடு கிடைத்தால் எடுத்துக்கொள். மோட்டார் பிறகு வைத்துக்கொள்ளலாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபின் நம் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம்! அந்த நாட்களிலும் கால்மிதி மிஷின் ஓடியது. கற்றுக்கொள்ளும் கைக்கு அதன் நிதானமும் நல்லது.

அந்த மிஷினில் ஒரு குறையும் உண்டு. ஊசிக்கும் மிஷினின் கழுத்துக்கும் நடுவே சுமார் 7 அங்குலம்தான் இடம். சுருட்டிய போர்வை முழுக்க அதற்குள் போய் வர வேண்டும். தொட்டில் பிள்ளைக்கும் ஒற்றைக் கட்டிலுக்கும் சமாளிக்கலாம். பெரிய போர்வைதான் தைப்பேன் என்றால் ஜூகியின் டி.எல். வரிசை போன்ற நேர்தையல் மிஷினைப் பார். இடம் கூடுதல், பல்லை இறக்கிவிட்டுக் கை போன போக்கில் வளைத்துத் தைக்கவும் முடியும். விலைதான் அதிகம். தையற்கூடத்துப் பவர் மிஷின் இப்போதைக்கு வேண்டாம், அதன் வேகம் உன்னைப் பயமுறுத்திவிடும்.

சிதம்பரம் தேருக்குப் போனால் தேரில் தொங்கும் தொம்பைகளைக் கிட்டப் போய்ப் பார். வெட்டுத்துணியை அடித்துணியில் வைத்துத் தைத்த வேலை. ஓரம் எப்படி மடிந்திருக்கிறது, மூலை எப்படித் திரும்புகிறது என்று பார்த்தால் ஒட்டுவேலையில் பாதிப் பாடம் அங்கேயே கிடைக்கும்.

போர்வையின் நடு அடுக்கில் இலவம்பஞ்சு வைக்காதே. வழுக்கும் பஞ்சு அது, துவைத்ததும் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். நம் கடலோரக் குளிருக்குப் பழைய நூல் சேலை ஒன்றை இரண்டாக மடித்து வைத்தாலே போதும். வெட்டுமுன் சேலைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடு, துண்டுகள் நழுவாது. மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்து. தைப்பதும் நடுவிலிருந்துதான். அங்குலத்துக்கு 8 தையல் சரியாக இருக்கும். மிஷின் இழுக்கும் வேகத்துக்குத் துணியை விடு, நீ பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளையும்.

திருப்பாப்புலியூரில் மிஷின் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதே. உன் சேலைத் துண்டுகளை மூன்று அடுக்காக ஊக்கு குத்தி, ஒரு முழ நீளத்துக்குக் கொண்டு போ. கடைக்காரர் தன் காடாத்துணியில் எந்த மிஷினையும் அழகாக ஓட்டிக் காட்டுவார். நீ உன் துணியை வைத்து, உன் காலால் மிதித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தைத்துப் பார். முடிவில் மேல்துணி விரல் அகலம்கூட மிஞ்சாமல் இருந்தால் விலை பேசு. ஞாயிறு தவிர எந்த நாளும் நான் கூட வருகிறேன், முதல்நாள் ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
பெரியம்மா