வினை என்னும் சொல் யாருக்கு உரியது?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இல்லமொன்றில் துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தேன். ஒன்பது வயதுப் பெண் குழந்தை நான்கு நாள் காய்ச்சலில் தவறிவிட்டாள். "பெருமாள் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?" என்று அவள் தாயார் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தோரில் மூத்தவன் என்பதால் அடியேன், "எல்லாம் பூர்வ கர்மம், அம்மா" என்றேன். அவர் எழுந்து உள்ளே சென்றுவிட்டார். அதன்பின் அடியேன் புறப்படும்வரை வெளியே வரவில்லை. சாஸ்த்ரத்துக்கு மாறாக ஒன்றும் சொல்லிவிடவில்லையே என்று அடியேன் மனம் நெடுநாள் வாதாடிற்று. அதில் இருந்த பிழை, பூர்வாசார்யர்களின் ஸ்ரீஸூக்திகளை மீண்டும் ஸேவித்தபோதுதான் விளங்கிற்று.

அந்தத் தாயார் கேட்டது நாஸ்திகர் கேள்வியன்று. ப்ரஹ்மஸூத்ரமே அதை எழுப்பி விடை கூறுகிறது (2.1.34, 35). ஒருவன் ஸுகப்படவும் மற்றொருவன் துக்கப்படவும் படைத்தால், ஈச்வரனுக்கு வைஷம்யம் என்னும் பக்ஷபாதமும், நைர்க்ருண்யம் என்னும் இரக்கமின்மையும் வந்து சேராவோ என்பது ஆக்ஷேபம். ஜீவர்களின் கர்மத்தை அபேக்ஷித்தே அவன் படைக்கிறான், ஆதலால் அக்குற்றங்கள் அவனுக்கு இல்லை என்பது ஸமாதானம். முதல் படைப்பின்போது கர்மம் ஏது என்று கேட்டால், ஜீவர்களும் அவர்களுடைய கர்ம ப்ரவாஹமும் அநாதி. முதல் படைப்பு என்று ஒன்றைச் சுட்ட இயலாது என்பது மறுமொழி.

இத்துடன் கேள்வி ஓயவில்லை. எம்பெருமான் அந்தர்யாமியாய் இருந்து நியமிக்காமல் ஜீவனால் ஒன்றும் செய்ய இயலாதே. அப்படியானால் தீவினையில் அவனுக்கும் பங்குண்டோ? இதற்கு எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில், இரண்டாம் அத்யாயத்தின் மூன்றாம் பாதத்தில், ஓர் உதாரணம் அருளிச்செய்கிறார். இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க விரும்பினால், மற்றவனுடைய அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், கொடுத்ததன் பலன் கொடுக்க முயன்றவனுக்கே உரியது. வங்கியில் பணிபுரிந்த அடியேனுக்கு இவ்விடத்தில் கூட்டுக் கணக்கு நினைவுக்கு வரும். இருவரும் சேர்ந்தே இயக்கவேண்டிய கணக்காயின், இருவரும் கையொப்பமிட்டால்தான் காசோலை செல்லும். ஆனால் யாருக்கு, எதற்குக் கொடுப்பது என்று தீர்மானித்துக் காசோலையை எழுதியவன் ஒருவன், உடன்பட்டவன் மற்றவன். ஜீவனுடைய முதல் முயற்சியைப் பார்த்து எம்பெருமான் அநுமந்தாவாய் நிற்கிறான்.

உடன்படாமல் தடுத்திருக்கலாமே எனில், தடுத்துக்கொண்டே இருந்தால் ஜீவனுக்கு அறிவும் விருப்பமும் கொடுத்தது வீணாகும். ஆற்றைக் கடக்கத் தெப்பம் கொடுத்தால், அதையே கொண்டு நீரோட்டத்தின் வழியே கடலில் போய் விழுவாரைப் போன்றவர்கள் நாம் என்று ஈட்டில் (3.2) ஒரு த்ருஷ்டாந்தம் உண்டு. தெப்பம் கொடுத்தது க்ருபை. அதைச் செலுத்திய வழி நம்முடையது.

இவ்வளவும் எம்பெருமான்மேல் குற்றமில்லை என்பதை நிலைநாட்டும். ஆனால் துக்கப்படுகிறவரிடம் நாம் எதைச் சொல்லவேண்டும் என்பது இதனால் தீர்வதில்லை. அதற்கு நம்மாழ்வாரிடமே செல்லவேண்டும்.

திருவாய்மொழி நான்காம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில், ஒருவனுக்குத் துன்பம் வந்தால் பகைவர் மகிழ்வதையும் உற்றார் ஏங்குவதையும் ஆழ்வார் கண்டு பொறுக்கமாட்டாமல், உலகின் இந்த இயல்பு என்ன என்று எம்பெருமானையே கேட்கிறார். இவ்விடத்தில் ஈட்டின் அவதாரிகை காட்டும் ஸம்வாதத்தின் கருத்து இது: ஸர்வசக்தனான நீ இருக்க இவர்கள் இப்படித் துன்புறலாமோ என்கிறார் ஆழ்வார். இவர்கள் அசேதனமாயின் நினைத்தபடி செய்யலாம். சேதனரானபின் இவர்களுக்கு விருப்பம் பிறக்கவேண்டுமே என்கிறான் எம்பெருமான். ஆனால் இவர்கள் நடுவில் நின்று இதைக் காணாதபடி என்னையாவது அழைத்துக்கொள் என்கிறார் ஆழ்வார்.

கர்மத்தின் கணக்கை ஆழ்வாரைக் காட்டிலும் அறிந்தவர் யார்? ஆயினும் துன்புறுவோரை நோக்கி "இது உங்கள் வினை" என்று அவர் இங்குச் சொல்லவில்லை. அவர்களுக்காகத் தாம் துடிக்கிறார். கேள்வியை அவர்கள் பக்கமாக நின்று கேட்கிறார். அடுத்த திருவாய்மொழியில் அதே உலகத்தாரை நோக்கித் திரும்பி உபதேசிக்கவும் செய்கிறார்.

பிராட்டியும் இவ்வழியையே காட்டினாள். ராவண வதத்துக்குப் பின், தன்னை வருத்திய ராக்ஷஸிகளைத் தண்டிக்க அனுமதி வேண்டிய திருவடியிடம், தான் பட்ட துன்பத்துக்குத் தன் வினையே காரணம் என்றாள். அவர்களுக்கோ, அரசன் ஆணைக்கு உட்பட்டவர்கள் என்று பரிந்து பேசினாள். கூரத்தாழ்வானும், தம் திருக்கண்களை இழக்கக் காரணமான நாலூரானுக்குத் தாம் பெறும் பேறே கிடைக்கவேண்டும் என்று பேரருளாளனிடம் விண்ணப்பித்ததாகக் குருபரம்பரை கூறும். வினை என்னும் சொல்லைத் தமக்கு வைத்துக்கொண்டு, பிறருக்குக் க்ருபையை வழங்கியவர்கள் இவர்கள். அடியேன் அன்று இதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

சென்ற ஆண்டு அந்த இல்லத்துக்கு மீண்டும் சென்றேன். அன்று சொன்ன சொல்லுக்கு க்ஷமை வேண்டினேன். அந்த அம்மாள் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு குழந்தை ஆண்டாள் வேஷம் போட்ட புகைப்படத்தை எடுத்துவந்து, அன்று மாலை கட்டிய கதையைச் சொன்னார். அடியேன் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.