அந்த 250 பேருக்கான படிப்பு

குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. முதுநிலைப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் முதல் வாரமே ஒரு பழைய கணக்கைச் சொல்லிவிடுவேன். அமெரிக்க மருத்துவர் கெர் வைட்டும் அவருடைய சகாக்களும் 1961இல் வெளியிட்டது. வயதுவந்த ஆயிரம் பேரில் ஒரு மாதத்துக்குள் 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு வரும். 250 பேர் மருத்துவரைப் பார்ப்பார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்வார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவர் ஒரே ஒருவர். எம்.பி.பி.எஸ். படிக்கும் ஐந்தரை ஆண்டும் பெரும்பாலும் அந்த ஒருவரின் படுக்கையருகில்தான் நாம் நிற்கிறோம்.

அதனால்தான் நன்றாகப் படித்தவர்கள்கூட கிளினிக்கில் திணறுகிறார்கள். மருத்துவக் கல்லூரிக்கு வரும் தலைவலி பல மருத்துவர்களைத் தாண்டி வந்தது. அங்கே ஸ்கேன் எடுப்பதில் நியாயம் உண்டு. தெருமுனை கிளினிக்குக்கு வரும் தலைவலிக்குப் பின்னால் பெரும்பாலும் தூக்கமின்மையோ, மாற்றாத கண்ணாடியோ, வீட்டுக் கவலையோ இருக்கும். டி.என்.பி.யின் மூன்று ஆண்டுப் பயிற்சியில் வார்டு வார்டாகச் சுற்றுவது அவசியமே. ஆனால் அது மட்டும் போதவே போதாது.

காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காய்ச்சலுக்குப் பெயர் கிடையாது. அன்றைக்குத் தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. எனவே மருந்துச் சீட்டைவிட, அனுப்பும்போது சொல்லும் வார்த்தைகள் முக்கியம். "காய்ச்சல் விட்டதும் சரியாயிடுச்சுன்னு இருந்துடாதீங்கம்மா. வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், பிள்ளை துவண்டு போறது, ஒண்ணுக்குப் போறது குறையறது, இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பார்க்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க." சொல்லி முடித்ததும் அந்த அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எது விட்டுப்போனது என்று உடனே தெரிந்துவிடும். பிரிட்டிஷ் குடும்ப மருத்துவர் ரோஜர் நெய்பர் 1987இல் எழுதிய நூலில் இப்படி எச்சரித்து அனுப்புவதற்கு மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார்: என் கணிப்பு சரியென்றால் அடுத்து என்ன நடக்கும், தவறென்றால் எப்படித் தெரியும், அப்போது என்ன செய்வேன்? இந்த மூன்றையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்.

கதவருகே போனவர் திரும்பி "டாக்டர், இன்னொண்ணு..." என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். பல நேரம் அவர் வந்ததே அதற்காகத்தான்.

என்ன நோய் என்று பிடிபடாமல் அனுப்பியவர்களின் பெயர்களைத் தனி நோட்டில் எழுதிவைத்து, வார இறுதியில் போன் செய்து விசாரியுங்கள். காய்ச்சல் என்ன ஆனது, வலி எங்கே நகர்ந்தது என்பதையெல்லாம் பாடநூல் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

பயிற்சிக்கு இடம் தேடுகிறவர்கள் படுக்கை எண்ணிக்கையை விசாரிக்கிறார்கள். அதோடு இதையும் கேளுங்கள்: இன்று நான் பார்க்கும் சர்க்கரை நோயாளி, மூன்று மாதம் கழித்தும் என்னிடமே வருவாரா?