பரணில் கிடக்கும் டிவிக்கு யார் பொறுப்பு?



போன மாசம் திருவொற்றியூர்க் குழுக் கூட்டத்தில் கடன் வசூல் முடிந்ததும் பேச்சு பழைய டிவிக்குப் போனது. 2006 முதல் அரசு இலவசமாகக் கொடுத்தது, நினைவிருக்கிறதா? பெரிய படக்குழாய் வைத்த அந்த கலர் டிவி இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கிறது. "காயலாங்கடையில போட்டா டீக்காசுகூட வராது" என்றார் ஓர் அக்கா. (பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழமாவது கிடைத்தது!)

இன்னொரு உறுப்பினரின் தம்பிக்கு அதுதான் தொழில். பெட்டியை உடைத்து, ஒயரை எரித்து, செம்பு எடுப்பார். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பிளாஸ்டிக் ஒயர் எரிந்தால் டயாக்சின் என்ற விஷம் கிளம்பும். "ராத்திரியெல்லாம் இருமுறான்" என்று அவர் சொன்னதும் கூட்டமே அமைதியாகிவிட்டது.

விற்று லாபம் பார்த்தவர்தானே இந்தக் கடைசிச் செலவையும் ஏற்க வேண்டும்? சட்டமும் அதைத்தான் சொல்கிறது. உற்பத்தியாளர் பொறுப்பு என்பது 2011 மின்னணுக் கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. இப்போது நடப்பில் இருப்பவை 2022 விதிகள். 2023 ஏப்ரல் முதல் அமல். கம்பெனி முன்பு விற்ற சாமான்களின் ஆயுள் முடியும் வருஷத்தில், அந்த எடையில் ஒரு பங்கு மறுசுழற்சி ஆனதற்கு அது சான்றிதழ் காட்ட வேண்டும். 2025-26, 2026-27 இரண்டு வருஷத்துக்கும் 70 சதவீதம். 2027-28 முதல் 80. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் பிரித்தெடுத்தால் அவர் கணக்கில் சான்றிதழ் ஏறும், நாம் தவணை கட்டினால் பாஸ்புக்கில் வரவு ஏறுகிற மாதிரி. அதைக் கம்பெனி காசு கொடுத்து வாங்கும்.

எவ்வளவு காசு? டிவி, பிரிட்ஜ் போன்றவற்றுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று 2024-ல் மத்திய அரசு விலை வைத்தது. பத்துக் கிலோ பெட்டிக்கு 220 ரூபாய். அதுவே அதிகம் என்று 2025-ல் பெரிய கம்பெனிகள் சில டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. நமக்கென்னவோ அந்தத் தம்பியின் நெஞ்சுச்சளிக்கு ஆகும் வைத்தியச் செலவுதான் அதிகமாகத் தெரிகிறது.

ஒரு ஓட்டையும் உண்டு. பெட்டி தெருவில் உடைந்துவிட்டால் இந்தக் கணக்கு எதிலும் அது வராது. அதனால் வீட்டில் உடைக்காதீர்கள், முழுசாகவே கொடுங்கள். புது டிவி வாங்கும்போது பழசை எடுத்துக்கொள்வார்களா, எங்கே அனுப்புவார்கள் என்று கடையில் கேளுங்கள். பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இருக்கிறது. ஒரு பெட்டிக்காக வண்டி வராது. பத்துக் குழு சேர்ந்தால் கேட்டுப் பார்க்கலாம். ராயபுரம், எண்ணூர்க் குழுக்களும் தங்கள் பரணில் என்னென்ன கிடக்கிறது என்று எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்தத் தம்பியையும் கூப்பிட்டிருக்கிறோம். எரிக்காமல் பெட்டிகளைச் சேகரித்துக் கொடுக்கும் வேலையை அவருக்கே தர முடியுமா என்று பேசுவோம்.