வீட்டுக் கணிப்பொறியும் சிறார் காவலும்

ஓசூரிலும் கெலவரப்பள்ளியைச் சூழ்ந்த ஊர்களிலும் தந்தை இரண்டாம் ஷிப்டுக்கும் தாய் பகற்பணிக்கும் செல்லும் இல்லங்கள் பல. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் ஓரிரு மணி நேரம் கணிப்பொறியுடன் தனித்திருப்பது இங்கு இயல்பாகிவிட்டது. அந்நேரத்திற்குக் காவலாகப் பெற்றோர் தடுப்பு மென்பொருளை அமைக்கின்றனர். பிள்ளைகளோ சில நாட்களிலேயே அதனைக் கடந்துவிடுகின்றனர். இது எவ்வாறு நிகழ்கிறது, செய்யத்தக்கது யாது என்பதனைக் காண்போம்.

2007ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அரசு 8 கோடியே 40 லட்சம் டாலர் மதிப்பிலான திட்டத்தின்கீழ்த் தடுப்பு மென்பொருளை இல்லங்களுக்கு இலவசமாக வழங்கிற்று. மெல்போர்ன் நகரின் 16 வயது மாணவர் ஒருவர் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அதனைச் செயலிழக்கச் செய்து காட்டினார். நாம் கருதத்தக்கது யாதெனில், மென்பொருளின் சின்னம் மட்டும் திரையில் அப்படியே நின்றது. காவல் நடைபெறுவதாகவே பெற்றோர் எண்ணியிருப்பர். தென்கொரியா 2011இல் 16 வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டில் ஈடுபடலாகாதெனச் சட்டம் இயற்றியது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு நுழைந்தனர். 2021இல் அச்சட்டத்தைக் கைவிட அரசே முடிவு செய்தது.

நம் மாநிலத்தில் 2011 முதல் மாணவர்க்கு வழங்கப்பெற்ற மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரு இயங்குதளங்கள் இருந்தமை வாசகர் பலர்க்கு நினைவிருக்கும். ஒன்றில் இட்ட பூட்டு மற்றொன்றில் செல்லாது. பென் டிரைவில் வேறோர் இயங்குதளத்தை ஏற்றிக் கணிப்பொறியைத் தொடங்கினாலும் நிலைமை அதுவே.

ஆயினும் பெரும்பாலான வீடுகளில் இத்துணை முயற்சியே தேவைப்படுவதில்லை. குடும்பம் முழுவதும் ஒரே கணக்கைப் பயன்படுத்துகிறது. அக்கணக்கோ நிர்வாகி உரிமை உடையது. அவ்வுரிமை உள்ளவர் எம்மென்பொருளையும் நீக்கலாம், புதுக் கணக்கும் தொடங்கலாம், கடிகாரத்தையும் பின்னோக்கித் திருப்பலாம். திருடனிடமே சாவியைக் கொடுத்தல் என்பது இதுதான் (நம் பிள்ளைகளைத் திருடர் என்றல் நம் கருத்தன்று). எனவே, வேறு எதனையும் செய்யுமுன், பெற்றோர்க்குத் தனியே நிர்வாகிக் கணக்கும் பிள்ளைக்கு அவ்வுரிமையற்ற சாதாரணக் கணக்கும் ஏற்படுத்துதல் வேண்டும். கடவுச்சொல் பிறந்த தேதியாகவோ வண்டி எண்ணாகவோ இருத்தலாகாது. பிள்ளை அருகில் நிற்கையில் அதனைத் தட்டச்சு செய்தலும் ஆகாது. பெரும்பாலான கடவுச்சொற்கள் கண்ணாலேயே களவு போகின்றன என்பது நம் கருத்து. அடுத்து, பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்பிற்கும் கடவுச்சொல் இட்டு, பென் டிரைவிலிருந்து தொடங்குதலை நிறுத்திவிடலாம். பழுது பார்க்கும் கடைக்காரர் சில நிமிடங்களில் செய்து தருவார். அதனை எழுதிப் பத்திரப்படுத்துக. மறந்தால் மீட்பது எளிதன்று.

விபிஎன் எனும் மறைவழி, உலாவியின் சிறு இணைப்பாகவே கிடைப்பதால் நிர்வாகி உரிமை இன்றியும் நிறுவப்படலாம். ஆகவே இணைப்புகளைச் சேர்க்கும் உரிமையையும் பிள்ளையின் கணக்கில் தடுத்தல் நலம். வைஃபை பெட்டியின் ஆலைக் கடவுச்சொல்லை மாற்றி, கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் இலவசமாக வழங்கும் 1.1.1.3 என்னும் குடும்ப முகவரியை அதில் அமைத்தால், ஆபாசத் தளங்கள் அப்பெட்டியிலேயே தடுக்கப்படும். சொற்களைக் கொண்டு தடுக்கும் மென்பொருள்கள் தம் பட்டியலிலுள்ள மொழிகளை மட்டுமே அறியும். நம் எல்லைப்புறப் பிள்ளைகளோ தமிழும் கன்னடமும் தெலுங்கும் அறிந்தவர்கள்.

இவ்வளவும் செய்தபின், அலமாரியில் கிடக்கும் பழைய கைப்பேசி ஒன்று ஹாட்ஸ்பாட் வாயிலாகப் புது இணைப்பைத் தந்துவிடும். கெலவரப்பள்ளி அணையில் நீர் திறக்கும்போது பொங்கும் வெண்ணுரையை நாம் கண்டிருக்கிறோம். மதகை அடைத்தால் நுரை அடங்கும். பெங்களூருப் பக்கமிருந்து தென்பெண்ணையில் கலந்துவரும் கழிவு அடங்குவதில்லை.

மெய்யான ஆபத்து மற்றொன்று உண்டு. தடையைக் கடந்து சென்ற பிள்ளையிடம் முன்பின் அறியாத ஒருவர் நட்புப் பேசிப் படம் ஒன்றைப் பெற்று, பின்னர் அதனைக் காட்டி அச்சுறுத்துகிறார் எனக் கொள்வோம். பிள்ளை அதனைப் பெற்றோரிடம் கூற அஞ்சும். கூறினால் தடையைக் கடந்தமையும் வெளிப்படுமன்றோ? பூட்டு எத்துணைக் கடுமையோ அத்துணை ஆழமாக அம்மௌனமும் அமையும். ஆதலின் பூட்டு இடும் நாளிலேயே, "நீ எவ்வழியில் சென்றிருந்தாலும் சரி, ஒருவர் மிரட்டினால் உடனே எங்களிடம் சொல், அதற்காகத் தண்டிக்கமாட்டோம்" என்று தெளிவாகக் கூறிவிடுதல் வேண்டும், கூறியபடி நடத்தலும் வேண்டும். அத்தகைய நிலையில் பணம் கொடுத்தலும் செய்திகளை அழித்தலும் கூடாது. இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களை அழைக்கலாம்.

பிள்ளை அறியாமல் வேவு பார்க்கும் மென்பொருளை நாம் பரிந்துரைப்பதில்லை. கண்டறியப்படும் நாளில் அது நம்பிக்கையை வேரோடு பறிக்கும். மேலும், உயிரியல் பாடத்திற்குரிய நல்ல தளத்தையும் தடுப்பு மென்பொருள் சில வேளை மறித்துவிடும். வீட்டுப்பாடம் முடிக்கவென்றே சிலர் முதன்முறை குறுக்குவழி தேடுகின்றனர். நேர்வழியில் அனுமதி கேட்க வகை இருந்தால் அத்தேவை எழாது. மைக்ரோசாஃப்ட்டின் குடும்பக் காவல் வசதியில் பிள்ளையின் வேண்டுகோள் பெற்றோரின் கைப்பேசிக்கு வரும்; அங்கிருந்தே இசைவு தரலாம். ஆலைக்குள் கைப்பேசி கொண்டு செல்ல இயலாதவர்கள், அவ்வுரிமையை வீட்டிலுள்ள தாத்தா பாட்டியரிடமோ சித்தப்பாவிடமோ ஒப்படைத்து, எதற்கு இசைவு தரலாம் என்பதனை முன்னரே பேசி வைத்துக்கொள்க.