வாசனைத் தைலங்கள்: துளியில் நன்மை, கரண்டியில் ஆபத்து



இந்த இதழின் வீட்டு நலப் பாடத்துக்கு வாசனைத் தைலங்களை எடுத்துக்கொண்டிருக்கிறோம். யூக்கலிப்டஸ் எண்ணெய், விண்டர்கிரீன் எண்ணெய், கராம்பு எண்ணெய், கறுவா எண்ணெய், சித்திரனெல்லா எண்ணெய் என்று இவற்றில் ஒன்றாவது நம் காம்பராக்களில் சாமித்தட்டிலோ ஜன்னல் ஓரத்திலோ இருக்கத்தான் செய்கிறது.

மட்டக்களப்புப் பக்கம் சொந்தக்காரர் உள்ள குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே வாழ்கிறார்கள். கல்யாணம், சாமத்தியம், திருவிழா என்று போகும்போது நாம் இங்கிருந்து தேயிலைத்தூளும் ஒரு போத்தல் தைலமும் கொண்டுபோகிறோம். வரும்போது அங்கிருந்து நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், தேன் வருகிறது. இப்படிப் போகும் வரும் போத்தல்கள் பலதில் பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை. சோடாப் போத்தலில் தைலம், டொனிக் போத்தலில் வேப்பெண்ணெய். கொடுத்தவருக்கு உள்ளே என்ன என்று தெரியும். வாங்கிய வீட்டிலே தவழ்கிற பிள்ளைக்குத் தெரியாது. இந்தப் பாடம் அதற்காகத்தான்.

எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்றா?

இல்லை. எண்ணெயில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை ஆட்டி எடுக்கிற எண்ணெய். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய் எல்லாம் இந்த வகை. இது கொழுப்பு. கடதாசியில் ஒரு சொட்டு விட்டால் எண்ணெய்க்கறை காயாமல் அப்படியே நிற்கும்.

இரண்டாவது வகை வடித்து எடுக்கிற எண்ணெய். வாசனைத் தைலம் என்று நாம் சொல்வது இதைத்தான். கலப்பில்லாத யூக்கலிப்டஸ் எண்ணெயைக் கடதாசியில் விட்டால் கொஞ்ச நேரத்தில் காற்றோடு போய்விடும். கறை அநேகமாக இருக்காது. கலப்படத்தைக் கண்டுபிடிக்க இதுவும் ஒரு வழி. கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

வடிப்பது எப்படி? இதை விளங்கப்படுத்த ஒரு உதாரணம் சொன்னால் சிரிக்கக்கூடாது. கசிப்பு வடிக்கிற விதம்தான்! (கசிப்பு வேண்டாம் என்று போன இதழில் சொன்னதை இப்போதும் சொல்கிறோம்.) இலையையோ பட்டையையோ பாத்திரத்தில் அடைத்து நீராவி விடுவார்கள். அதிலுள்ள வாசனை எண்ணெய் ஆவியோடு கிளம்பும். குழாயைக் குளிர வைத்தால் ஆவி தண்ணீராகும். அந்தத் தண்ணீரிலிருந்து எண்ணெய் தனியாகப் பிரியும். பெரும்பாலானவை மேலே மிதக்கும். கராம்பு எண்ணெய், விண்டர்கிரீன் எண்ணெய் தண்ணீரை விடக் கனம், அடியில் தங்கும்.

நம் தொழிலிலும் இது உண்டு. கொழுந்து வாட்டும் இடத்துக்குள் காலையில் நுழைந்தால் ஒரு மணம் மூக்கில் ஏறுகிறதே, அது கொழுந்திலுள்ள வாசனை எண்ணெய்தான். மிகக் குறைந்த அளவு, ஆனாலும் தேயிலையின் விலையைத் தீர்மானிப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

வாசனை தேடி வந்த கப்பல்

இந்த வாசனை எண்ணெய்க்காகத்தான் வெள்ளைக்காரன் நம் நாட்டுக்குக் கப்பலேறி வந்தான் என்று சொன்னாலும் பொய்யில்லை. 1602ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கப்பல் தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். அங்கிருந்து கண்டி ராஜாவைப் பார்க்கப் போனார். பேச்சு கறுவாவையும் மிளகையும் பற்றியது. 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அந்தக் கோட்டை இன்றைக்கும் புளியந்தீவில் வாவிக்கரையில் நிற்கிறது.

கறுவா மரத்தில் ஒரு அதிசயம் உண்டு. ஒரே மரம், மூன்று எண்ணெய். பட்டையில் எடுத்தால் கறி மணக்கிற எண்ணெய். இலையில் எடுத்தால் கராம்பு மாதிரி மணக்கும், ஏனென்றால் இரண்டிலும் அதிகம் இருப்பது யூஜினோல் என்ற ஒரே பொருள். வேரில் எடுத்தால் கற்பூர வாசம். ஆகவே "கறுவா எண்ணெய்" என்று மட்டும் எழுதிய போத்தலைப் பார்த்தால், பட்டையா இலையா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வாவிக்கரை வீடுகளில் பார்த்தது

மட்டக்களப்பு வாவிக்கு எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டு கரை. சூரியன் உதிக்கிற கடற்பக்கம் எழுவான்கரை, மறைகிற வயற்பக்கம் படுவான்கரை. இரண்டு பக்கத்திலும் பழைய வீடுகளில் ஒரு ஒழுங்கு இருப்பதை நாம் கவனித்திருக்கிறோம். தலைக்கும் உடம்புக்கும் ஆட்டின எண்ணெய். சளிக்கு நொச்சி இலை போட்ட வெந்நீர் ஆவி. சமையலுக்கு முழுச் சரக்கு. பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்கு அரைத்துக் கொடுப்பார்கள். வாசனை எண்ணெய் இவை எல்லாவற்றிலும் இருக்கிறது, ஆனால் இலைக்குள்ளும் பட்டைக்குள்ளும் அடங்கி இருக்கிறது. போத்தலில் வடித்த எண்ணெய் அந்த அடக்கத்தை விட்டு வெளியே வந்தது. அதனால்தான் அளவு பார்க்க வேண்டியிருக்கிறது.

இயற்கைப் பொருள்தானே, என்ன செய்யப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம். மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் சில கைக்குழந்தைகளுக்குச் சின்ன வருத்தங்களுக்காக வேப்பெண்ணெயைக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். சில மணித்தியாலத்துக்குள் வாந்தி, மயக்கம், வலிப்பு. மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டன. உயிரிழப்பும் உண்டு. அங்குள்ள டொக்டர்மார் இதைக் கண்டறிந்து 1981இல் லான்செட் என்ற வைத்திய சஞ்சிகையில் எழுதினார்கள். வேப்பெண்ணெய் வடித்த எண்ணெய்கூட இல்லை, ஆட்டின எண்ணெய். அதற்கே இப்படி. ஆகவே வேப்பெண்ணெயைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கவே கூடாது, ஒரு சொட்டும் வேண்டாம்.

சமையலுக்கு எது?

சமையலுக்கு வடித்த எண்ணெய் தேவையில்லை என்பதே நம் ஆலோசனை. காரணம் இருக்கிறது. 100 கிலோ கறுவாப்பட்டையை வடித்தால் ஒரு கிலோ அளவு எண்ணெய் கிடைத்தாலே நல்ல வடிப்பு. அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு துளிக்குள் சுமார் 5 கிராம் பட்டையின் வாசனை அடங்கியிருக்கிறது. ஒரு குடும்பத்துக் கறிக்கு அது தாராளம். கை தவறி நாலு துளி விழுந்தால் கறி கசக்கும், வாய் எரியும், வயிறு புண்ணாகும்.

நம் அம்மாமார் செய்கிற தாளிப்பே சரியான முறை. வாசனை எண்ணெய் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால்தான் சூடான தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலை, இரம்பை, பட்டை, கராம்பு போட்டவுடன் வீடே மணக்கிறது. இதில் கவனிக்க வேண்டியவை:

1. எண்ணெய் புகைய விடக்கூடாது. புகைந்தால் வாசனை காற்றில் போய்க் கசப்பு மிஞ்சும்.

2. கறித்தூளை மாதக்கணக்கில் இடித்து வைக்காதீங்க. இடித்தவுடன் வாசனை பறக்கத் தொடங்கும். இரண்டு மூன்று கிழமைக்குப் போதுமானதை இடித்து, மூடி இறுக்கமான போத்தலில், அடுப்பு வெக்கை படாத இடத்தில் வைக்கவும்.

3. பிளேன்டீக்கு இஞ்சித்துண்டு, ஏலக்காய், பட்டைத்துண்டு தட்டிப் போடுங்க. தைலம் விட வேண்டாம்.

4. உடம்புக்குப் பூச விற்கிற தைலம் எதுவும் வாய்க்குள் போகக்கூடாது.

உடம்புக்கு எப்படி?

நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய காலுக்கும் கூடை சுமந்த முதுகுக்கும் தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வடித்த எண்ணெயைத் தனியாகத் தோலில் பூசக்கூடாது. பெரியவர்களுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு இரண்டு துளி தைலம் போதும். முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் பூசி ஒரு நாள் பாருங்க. சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடுங்க. கறுவாப்பட்டை எண்ணெய் தோலைச் சுடும், அதைப் பூசவே வேண்டாம். கர்ப்பிணித் தாய்மார் எந்தத் தைலத்தையும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்காமல் பாவிக்கக்கூடாது.

பல்வலிக்குக் கராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும். பஞ்சில் ஒரு துளி தொட்டுப் பல்லில் மட்டும் வைக்கவும், முரசில் பட்டால் புண்ணாகும். வலி அடங்கியது என்று பல் டொக்டரிடம் போகாமல் இருக்காதீங்க. சொத்தை அங்கேயேதான் இருக்கும்.

விண்டர்கிரீன் செடி நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் குளிரில் வளர்கிற புதர்ச்செடி. அதன் எண்ணெய் அஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. டெங்கு என்று சந்தேகம் உள்ள காய்ச்சலுக்கு அஸ்பிரின் கூடாது என்று டொக்டர்மார் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. ஆகவே காய்ச்சலோடு வருகிற உடம்புவலிக்கு இதைத் தேய்க்காதீங்க. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும்.

ஆவி பிடிப்பதற்கு வெறும் வெந்நீரே போதும். கொதிக்கிற பானையைக் கட்டிலிலோ பிள்ளை மடியிலோ வைக்கக் கூடாது. சின்னக் காம்பராவில் பானை கவிழ்ந்தால் பிள்ளை விலக இடமிருக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம். இன்னொன்று, தைலங்கள் தீப்பற்றக் கூடியவை. விறகடுப்பு, குப்பிவிளக்கு, கற்பூரத்தட்டு பக்கத்தில் போத்தலைத் திறக்காதீங்க.

நுளம்புக்கு?

சித்திரனெல்லாப் புல் நம் நாட்டின் தெற்கே ஹம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கம் பயிரானது. அதன் எண்ணெய்க்கு "சிலோன்" வகை என்று உலகச் சந்தையில் தனிப்பெயரே உண்டு. நுளம்பை விரட்டும், உண்மை. ஆனால் சீக்கிரம் பறந்துபோகும். ஒரு மணித்தியாலம் போனால் காவல் மங்கிவிடும். மட்டக்களப்பில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரிமழை. அதை ஒட்டித்தான் அங்கே டெங்கு கூடும். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். ஆகவே தைலத்தை நம்பி இருக்காமல், சிரட்டை, டயர், யோகட் கோப்பையில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்க. பகலில் தூங்குகிற பிள்ளைக்கும் வலை கட்டுங்க.

பிள்ளைகள் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

யூக்கலிப்டஸ் எண்ணெய்: ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், அல்லது அதைவிடக் குறைவாக விழுங்கினாலே சின்னப் பிள்ளைக்கு மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் வரலாம்.

விண்டர்கிரீன் எண்ணெய்: ஒரு தேக்கரண்டி, 20 அஸ்பிரின் மாத்திரைக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். சின்னப் பிள்ளை உயிர் தப்புவது கஷ்டம்.

கற்பூரம்: சாமிக்குக் கொளுத்துவதுதானே என்று சும்மா வைக்காதீங்க. கல்கண்டு என்று பிள்ளை வாயில் போடும். எச்சரிக்கை எதுவும் காட்டாமல் திடீரென வலிப்பு வரும். தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதையும் நிறுத்த வேண்டும்.

கராம்பு எண்ணெய்: விழுங்கிய குழந்தைகளுக்கு ஈரல் பழுதானதுண்டு.

இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் மூக்கு, முகம், நெஞ்சில் எந்தத் தைலமும் பூசாதீங்க. மூக்கடைப்புத் தீரட்டும் என்று பூசினால் மூச்சே தடைப்படலாம்.

விழுங்கிவிட்டால் என்ன செய்வது?

1. வாந்தி எடுக்க வைக்காதீங்க. விரலை விடுவது, உப்புத்தண்ணீர் கொடுப்பது வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து.

2. பால், தேங்காயெண்ணெய், தேசிக்காய்த் தண்ணீர் ஒன்றும் கொடுக்காதீங்க. வாயைத் துணியால் துடைத்து விடுங்க.

3. மயக்கமாக இருந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்க.

4. நன்றாகத்தானே இருக்கிறான், பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. அது வரத் தாமதமாகும் பாதை என்றால் தோட்ட வைத்திய உதவியாளரிடம் சொல்லி, தோட்ட வாகனத்திலாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

5. போத்தலையும் கையோடு கொண்டுபோங்க. என்ன எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று டொக்டர் கேட்பார்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது

வீட்டிலுள்ள எல்லாப் போத்தலையும் இஸ்தோப்புக்குக் கொண்டுவந்து வரிசையாக வையுங்க. எதில் என்ன என்று தெரிந்ததில் பிள்ளையின் கொப்பித்தாளைக் கிழித்துப் பெயர் எழுதி ஒட்டுங்க. எழுத வராத அம்மாமாருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். சோடாப் போத்தலில் உள்ளதை இறுக்கமான மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றுங்க. என்ன என்று தெரியாததை வைத்திருக்க வேண்டாம். பிறகு எல்லாவற்றையும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், பூட்டுள்ள பெட்டி இருந்தால் அதற்குள் வையுங்க. பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகளும் தங்கள் மருந்துத்தட்டை இப்படி ஒரு தரம் பார்க்க வேண்டும்.

மட்டக்களப்புக்கு அடுத்த தரம் தைலம் கொண்டுபோகும்போது, போத்தலில் மூன்று வரி எழுதி ஒட்டிக் கொடுங்க: என்ன எண்ணெய், பூச மட்டும், பிள்ளைக்கு எட்டாமல் வைக்கவும்.