குழல்மேல் பழிபோடுமுன்

ஜிம் கார்பெட்டைப் படித்தவர்களுக்குப் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் புதிதல்ல. சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசாக வந்த .275 ரிக்பி இந்த வகைதான்: ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, பூட்ட வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இன்றும் மான் வேட்டைக்காரர்களின் கையில் பெரும்பாலும் இதுதான். நவம்பர் கடைசியில் பருவம் தொடங்குமுன் சுடுதளங்களில் கூட்டம் நெரியும். “போன வருஷம் நன்றாகச் சுட்டது, இப்போது சிதறுகிறது” என்ற புலம்பலும் கூடவே கேட்கும். அந்தப் புலம்பலுக்கு மருந்தாகச் சொல்லப்படுபவற்றில் பாதி கட்டுக்கதை.

நம்பிக்கை: சிதறினால் குழல் தேய்ந்துவிட்டது.

மான் வேட்டைக்குப் பழகிய .308, .30-06 ரகங்களில் குழல் சில ஆயிரம் தோட்டாக்களைத் தாங்கும். ஆண்டுக்கு இரண்டு டப்பா சுடுகிறவர் அதைத் தேய்க்க ஒரு ஆயுள் போதாது. முதலில் ரைபிளில் தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, திருகாணிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ரைபிளின் இரும்புப் பாகத்தை மரக் கட்டையோடு பிணைப்பவை, ஸ்கோப்பைத் தாங்குபவை எல்லாமே பின்னுதைப்பில் மெல்ல இளகும். அடுத்த கேள்வி, தோட்டாவின் கம்பெனி மாறியதா என்பது. எடை ஒன்றாகவே இருந்தாலும் வேறு கம்பெனித் தோட்டா வேறிடத்தில் விழும். ஒரு ரைபிளுக்குப் பிடித்தது அதன் ஜோடி ரைபிளுக்கே பிடிக்காமல் போவதுண்டு. புதுக் குழலுக்குக் கொடுக்கும் பணத்தில் நாலைந்து வகைத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

நம்பிக்கை: குழல் கட்டையைத் தொடாமல் மிதந்தால் குறி தப்பாது.

இதில் பாதி உண்மை. ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவு நிலையோடு இறுகுவதுபோல, வால்நட் கட்டையும் ஈரத்தில் உப்பும். உப்பி ஒரு பக்கமாகக் குழலை நெருக்கினால் தோட்டா விழும் இடம் நகரும். அதனால்தான் ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்துப் பார்க்கிறார்கள். தடையில்லாமல் போனால் சரி. ஆனால் ரெமிங்டன் 700 ரைபிள்கள் பலவற்றில் கட்டையின் முன்நுனியில் குழலை மெல்லத் தாங்கும் மேட்டைத் தொழிற்சாலையே வைத்தது. மெலிந்த குழலின் அதிர்வை ஒரே சீராக்க அது உதவும். அதைச் சீவி எறிந்த பிறகு முன்னைவிட மோசமாகச் சுட்ட ரைபிள்களும் உண்டு. சீவிய மரம் திரும்ப ஒட்டாது என்பதால், நுனியில் ஒரு அட்டைத் துண்டைச் செருகியும் எடுத்தும் சுட்டுப் பார்த்துவிட்டு உளியை எடுக்கலாம்.

நம்பிக்கை: நீளக் குழலே துல்லியம்.

நீளம் தருவது வேகம். ஒரே பருமனில் குட்டைக் குழல்தான் விறைப்பானது, அதனால் அதிர்வும் குறைவு.

நம்பிக்கை: மூன்று தோட்டா ஒரு நாணயத்துக்குள் விழுந்தது, அதுதான் என் ரைபிளின் துல்லியம்.

எனக்கு மிகப் பிடித்த கதை இது. அந்த இலக்கு அட்டையைப் பர்ஸில் மடித்து வைத்திருப்பார்கள். விரிந்து விழுந்த மற்ற அட்டைகள் குப்பைக்குப் போயிருக்கும். அதே ரைபிளில் பத்துத் தோட்டா சுட்டால் வட்டத்தின் அகலம் சராசரியாக மூன்று தோட்டா வட்டத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். ரைபிள் கெடவில்லை, கணக்கு அப்படித்தான். நேற்று மூன்று சுட்டு, இன்று ஒரு திருகாணியை இறுக்கி மூன்று சுட்டு, ‘முன்னேற்றம்’ என்று சொல்வதில் பெரும்பகுதி தற்செயல்தான்.

தவிர, மானின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் இடம் ஏறக்குறைய 20 செ.மீ. அகலம். 100 மீட்டரில் 6 செ.மீ. வட்டத்துக்குள் சுடும் சாதாரண ரைபிளே அதற்குத் தாராளம். அந்த வட்டத்தை 3 செ.மீ. ஆக்கச் செலவழிப்பவர், மேசையும் மணல் மூட்டையும் இல்லாமல் முழங்காலிட்டுச் சுட்டால் எவ்வளவு சிதறும் என்று பார்ப்பதேயில்லை.

காட்டில் மான் வாங்குவது குளிர்ந்த குழலின் முதல் தோட்டாவை. எண்ணெய் பூசித் துடைத்த குழலானால் அந்த முதல் தோட்டா வேறிடத்தில் விழக்கூடும். சுடுதளத்தில் அடுத்தடுத்துச் சுட்டுச் சூடேறிய குழல் இதைச் சொல்லாது. ஐந்து நாள், காலைக்கு ஒன்றாக, ஒரே அட்டையில் சுட்டுப் பார்த்தால் தெரியும். பர்ஸில் வைக்க வேண்டிய அட்டை அது.